பாக் விரிகுடாவில் இழுவை மடி: கடலடியைக் காக்க எந்த வழி?

பாக் விரிகுடாவில் இழுவை மடி, அதாவது விசைப்படகு கடலடியில் இழுத்துச் செல்லும் பைவலை, தொடரலாமா என்ற கேள்விக்கு விடை சொல்லியாகிவிட்டது. 2016 நவம்பரில் புதுடெல்லியில் கூடிய இந்திய, இலங்கை அமைச்சர்கள், கடலடியை வாரும் இழுவைத் தொழிலைக் கூடிய சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவருவது என்று கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அதற்கும் முன்பே, 2010 ஆகஸ்டில், இருகரை மீனவர் பிரதிநிதிகளும் நேரில் உட்கார்ந்து பேசி, இழுவையைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்த வேண்டும் என்பதில் வாயளவிலாவது யாருக்கும் மறுப்பில்லை. எப்படி நிறுத்துவது, யார் செலவில் நிறுத்துவது என்பதில்தான் இத்தனை ஆண்டு இழுபறி.

மேசையில் பல வழிகள் இருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலம், வலைக் கண்ணியின் அளவு, வலை மாற்றம், தடைப் பகுதிகள், கடலில் தடுப்புக் கட்டைகள், ஆழ்கடலுக்கு மாறும் திட்டம், படகை விலைக்கு வாங்குதல், முழுத் தடை என்று ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர் உண்டு. இவற்றில் பல நல்லவைதான். ஆனால் கடலடி என்ற ஒன்றை மனத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே எடையில் நிற்காது. அதனால் ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். தரையில் வாழும் உயிர்களுக்கு அது என்ன செய்கிறது? அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் அது செல்லுபடியாகுமா?

முதலில் மடி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். விசைப்படகின் பின்னால் இரண்டு கம்பிவடங்கள் போகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் இரும்புக்கட்டு போட்ட கனமான பலகை. படகு ஓட ஓட, தண்ணீர் அந்தப் பலகைகளை இரண்டு பக்கமும் தள்ளி மடியின் வாயை அகல விரிக்கிறது. பலகை தரையில் உழுதுகொண்டே வருகிறது. அது கிளப்பும் சேற்றுப் புகை மீனை மடியின் வாய்க்குள் ஒதுக்குகிறது. மடியின் அடிக்கயிற்றில் ஈயமும் சங்கிலியும் கோத்திருக்கும். சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் இறாலைத் தட்டி எழுப்புவது அந்தச் சங்கிலிதான். இறால் எழும்ப வேண்டுமானால் தரை கலங்கியாக வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல யோசனைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகின்றன என்பது தானாகவே விளங்கும்.

எவ்வளவு கலங்குகிறது? உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு கணக்கு, பலகை வைத்த இழுவை மடி ஒருமுறை போனால் சராசரியாக 2.4 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தரையைக் கிளறி, அங்கு வாழும் உயிரிகளில் சுமார் 6 விழுக்காட்டை அழிக்கிறது என்கிறது. ஆறு விழுக்காடு சின்ன எண்ணாகத் தோன்றும். அதே இடத்தில் ஆண்டுக்குப் பத்துத் தடவை இழுத்து, இடையில் எதுவும் வளராமல் போனால், மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல். தளர்ந்த கடலடி மீள எடுக்கும் காலம் ஏறத்தாழ இரண்டிலிருந்து ஆறரை ஆண்டு என்கிறது அதே ஆய்வு. இவை பெரும்பாலும் குளிர்நாட்டு மணலையும் சேற்றையும் வைத்துப் போட்ட சராசரிகள். கடற்பஞ்சும் கடல்விசிறியும் புல்லும் நிற்கிற தரைக்கு இழப்பு இதைவிடக் கூடுதலாகவும், மீட்சி இதைவிடத் தாமதமாகவும் இருக்கும்.

பாக் விரிகுடா அப்படிப்பட்ட தரை. பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழத்தைத் தாண்டாது. வெயில் அடிவரை இறங்குவதால்தான் இந்தியாவின் பெரிய கடற்புல் படுகைகளில் ஒன்று இங்கே வளர்ந்தது. மீனவர்கள் தாழை என்று சொல்லும் அந்தப் புல்லை நம்பித்தான் ஆவுளியா என்கிற கடற்பசு இருக்கிறது. நண்டும் இறாலும் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கிற இடமும் அதுவே. சங்கும் கடல் அட்டையும் விளைகிற பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளும் இதே ஆழத்தில்தான். மடி நேரடியாகப் பிடுங்கும் புல் ஒரு பங்கு என்றால், அது கிளப்பும் கலங்கலில் வெளிச்சம் இல்லாமல் வாடும் புல் இன்னொரு பங்கு.

படகுகள் கரை திரும்பும் காலையில் ராமேசுவரத்திலோ மண்டபத்திலோ நின்று பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. இறால், கணவாய், நண்டு என்று விலைபோவதைத் தனித்தனியாகக் கூடையில் எடுத்தபின் தளத்தில் ஒரு குவியல் மிஞ்சும். சங்காயம் என்பார்கள். விரல் நீளக் காரல், குஞ்சுத் திருக்கை, உடைந்த சிப்பி, நட்சத்திரமீன், பிய்ந்த புல், சில நாள் கடற்குதிரை. அதை மண்வெட்டியால் அள்ளுகிறார்கள். அது உலர்த்தப்பட்டு கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. முன்பெல்லாம் இதைக் கடலிலேயே கொட்டிவிடுவார்கள். இப்போது அதற்கும் விலை உண்டு. இறால் கிடைக்காத நாளில்கூட டீசல் செலவின் ஒரு பகுதியைச் சங்காயம் ஈடுகட்டுகிறது. வெறும் தரையைக்கூட வாரி வருவதில் லாபம் இருக்கிறது. கட்டுப்பாடு பற்றிய பேச்சில் இந்தச் சங்காய வணிகம் அநேகமாக அடிபடுவதே இல்லை. அது பெரிய விடுபாடு என்று நினைக்கிறேன்.

நாள் குறைப்பு

தமிழகத்தில் 2001 முதல் நடப்பில் உள்ள தடைக்காலம் இப்போது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். பாக் விரிகுடாவில் இதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்றும் உண்டு: விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள்; மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. வலை அறுபட்டு, கைகலப்பாகி, உயிர்ச்சேதம் வரை போன மோதல்களிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. இரு தரப்பும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக்கொண்டு தொழில் செய்ய அது உதவியிருக்கிறது. அந்த மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கடலடிக்கு அது போதாது. மீள இரண்டு முதல் ஆறரை ஆண்டு கேட்கிற தரைக்கு 61 நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, ஜூன் 15 அன்று எல்லாப் படகையும் ஒன்றாக இறக்கிவிடுகிறோம். முட்டையிடும் மீனுக்கும் சற்று வளர்ந்துவிட்ட இறாலுக்கும் தடைக்காலம் நல்லது. கடற்பஞ்சுக்கு அது ஒரு மூச்சு இடைவெளி, அவ்வளவுதான். இன்னொரு பலனையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்கள் இரவில் வலையை நிம்மதியாக விரித்துவிட்டு வருவது பெரும்பாலும் இந்த இரண்டு மாதத்தில்தான். முப்பதாண்டுப் போரில் கடலுக்குப் போக முடியாமல் இருந்து, 2009-க்குப் பிறகு கடன்பட்டு வலை வாங்கியவர்கள் அவர்கள். தடைக்காலம் அவர்களுக்குச் செய்யும் நன்மையைப் பார்த்தாலே, மற்ற பத்து மாதம் என்ன நடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வலையைத் திருத்துதல்

மடியின் வால்பகுதிக்குக் குறைந்தபட்சக் கண்ணி அளவு, சதுரக் கண்ணி, ஆமை தப்பிப் போகும் வழி என்று கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல ஆண்டாகப் பல வடிவங்களைக் கொடுத்துவருகிறது. இவற்றைக் கட்டாயப்படுத்தினால் சங்காயக் குவியல் குறையும். அதற்காகவே செய்யலாம். ஆனால் வால்பகுதியின் கண்ணி பெரிதானால் குஞ்சு தப்பும். முன்னால் போகிற சங்கிலி அப்படியேதான் இருக்கும்.

தரையோடு உரசுவதையே குறைக்கும் மாற்றமும் உலகில் இருக்கிறது. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் தட்டைமீன் பிடிக்கும் படகுகள், மடிக்கு முன்னால் தரையைப் பெருக்கிச் செல்லும் நீண்ட வடங்களில் இடைவெளி விட்டு உருளைகள் கோத்து, வடத்தைச் சில சென்டிமீட்டர் தூக்கி ஓட்ட வேண்டும் என்று 2011-இல் விதி வந்தது. அந்த வடம் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சுருங்கியது; பிடிப்பு பெரிதாகக் குறையவில்லை. அங்கே அது நல்ல தீர்வு. அந்த மீன் வடத்தின் அசைவைக் கண்டே ஒதுங்கும். இங்கே தேடுவது இறால். சேற்றில் புதைந்திருக்கும் இறால் தட்டினால்தான் எழும்பும். அடிக்கயிற்றை உயர்த்தச் சொன்னால், கரையில் ஒரு கயிறும் கடலில் ஒரு கயிறுமாக ஓடும் நிலைதான் வரும். நடுக்கடலில் அதைச் சோதிக்க ஆளும் இல்லை.

இதோடு சேர்த்து ஒதுக்கிவிடக்கூடிய இன்னொரு வழி, அடித்தள உயிரிகளுக்கே பங்கீட்டு அளவு வைப்பது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 முதல் பவளமும் கடற்பஞ்சும் இவ்வளவுக்கு மேல் மடியில் வரக்கூடாது என்று அளவு வைத்து, மடி போகாத இடங்களுக்கு இனியும் போகக்கூடாது என்று எல்லையையும் உறையவைத்தார்கள். படகு முதலாளிகளும் சூழல் அமைப்புகளும் சேர்ந்து போட்ட திட்டம் அது. ஒவ்வொரு படகிலும் கண்காணிப்பாளர் ஏறிப் போகும் தொழிலில்தான் அது நடக்கும். ஓரிரவுத் தொழில் செய்யும் சிறு விசைப்படகுகள் வரிசைகட்டிப் போகும் கடலில் அதை முயல்வது காகிதத்தை நிரப்பும் வேலையாகிவிடும். எல்லையை உறையவைப்பது என்ற அந்த யோசனையின் ஒரு பாதியை மட்டும் நாம் கடன் வாங்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இடத்தை மூடுதல்

1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ், கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்று விதி வந்தது. நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் நாட்டுப்படகு மீனவர்களின் முதல் புகார் இன்றும் அந்த மூன்று மைல் பற்றியதுதான். கரையோரத்தில்தான் புல் அடர்த்தி, இறாலும் அங்கேதான், மடியும் அங்கேயே வருகிறது.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென்று அறிவித்த முதல் இடம். இதை நான் மனமார வரவேற்கிறேன். கடலடியைப் பொறுத்தவரை இடத்தை மூடுவதுதான் அறிவியல் சொல்லும் மிக நேரான மருந்து. புல்லும் பாரும் ஓரிடத்தில் நிற்கிறவை. அவற்றைக் காக்கும் விதியும் ஓரிடத்தில் நின்றால்தான் பொருந்தும். ஆஸ்திரேலியா 2004-இல் பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பூங்காவை மறுவகுத்தபோது, எதுவும் பிடிக்கக்கூடாத பரப்பை ஐந்து விழுக்காட்டுக்கும் கீழிருந்து 33 விழுக்காடாக உயர்த்தியது. இழுவைப் படகு எங்கே நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாகக் கரையில் தெரிகிற ஏற்பாடு அங்கே இருந்ததால் கோடு வரைபடத்தோடு நின்றுவிடவில்லை.

அந்த ஏற்பாட்டின் தொடக்கம் இங்கேயும் வந்துவிட்டது. 2024-இல் ஒன்றிய அரசு ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு, படகு நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. புயல் எச்சரிக்கையும் உயிர்காப்பும் அதன் முதல் நோக்கம். அந்தக் கருவியை அணைத்துவிட்டுப் போகும் படகுக்கு அடுத்த நாள் கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கன் கிடையாது என்று மீன்துறை ஒரு வரி எழுதினால், மூன்று மைல் விதிக்கு முதல் தடவையாகப் பல் முளைக்கும்.

இந்த வழியின் குறையை மறைக்க முடியாது. ஒரு இடத்தை மூடினால் அங்கு ஓடிய படகு வேறிடத்துக்குப் போகும். பாக் விரிகுடா குறுகலான கடல். கரையோரத்தை விட்டு, பாரை விட்டு, புல்லை விட்டு ஒதுங்கினால், தனுஷ்கோடிப் பக்கமும் ராமேசுவரத்தின் எதிரிலும் சீக்கிரமே எல்லைக்கோடு வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் நெடுந்தீவு மீனவரின் வலை. படகு எண்ணிக்கையைக் குறைக்காமல் இடத்தை மட்டும் மூடுவது, நம் புல்லைக் காத்து அவர்கள் புல்லை வாருவதில் முடியலாம். கடல் ஒன்றே என்பதால் அது நமக்கும் நட்டம்தான்.

கடலுக்குள் தடுப்பு போடுவது இதன் உறவுக்கார வழி. கான்கிரீட் திட்டுகள் போட்ட இடத்தில் மடி கிழியும் என்பதால் இழுவைப் படகு ஒதுங்கிப் போகும், மீனும் சேரும். தமிழகக் கடலோரத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு இப்படிச் செயற்கைப் பார்கள் பல இடங்களில் போடப்பட்டிருக்கின்றன. நாட்டுப்படகு மீனவர்கள் விரும்பிக் கேட்டு வாங்குகிறார்கள். 2021 ஜூனில் இலங்கை அரசு பழைய பேருந்துக் கூடுகளை வடகடலில் இறக்கியது; மீன் பெருக்கத்துக்கு என்று அவர்கள் சொல்ல, இங்கே வலை நாசமாகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. மூடிய பகுதியின் ஓரங்களில் காவலாக நிறுத்த இது நல்ல துணைக்கருவி. ஒரு விரிகுடா முழுவதையும் கட்டையால் காக்க முடியாது.

ஆழ்கடல் திட்டம்

அரசு அதிகம் நம்பியது இதைத்தான். 2017-இல் தொடங்கிய திட்டம்: மூன்றாண்டில் பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகை நீக்கி, சூரைமீன் பிடிக்கும் தூண்டில், செவுள்வலைப் படகுகளாக மாற்றுவது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் ஒன்றிய அரசு பாதி, அதாவது 40 லட்சம். மாநில அரசு 16 லட்சம். வங்கிக் கடன் 16 லட்சம். மீனவர் கையிலிருந்து 8 லட்சம். மொத்த மதிப்பு 1,600 கோடி. பழைய இழுவைப் படகை ஒப்படைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அது சரியான நிபந்தனை. மூன்றாண்டு முடிந்தபோதும் அதற்குப் பிறகும், மாறியவை இலக்கின் அருகில்கூட வரவில்லை.

மீனவர்கள் சோம்பியதால் இது தோற்கவில்லை. ராமேசுவரத்துக்காரர் மாலையில் போய் மறுநாள் காலையில் வீடு திரும்பும் தொழில் செய்தவர். சூரைத் தொழில் என்றால் வாரக்கணக்கில் கடலில் இருக்க வேண்டும். ஐஸ், தண்ணீர், டீசல் என்று ஒரு பயணத்துக்கே பெரும் முதல் வேண்டும். மீன் எங்கே ஓடுகிறது என்ற வேறொரு அறிவு வேண்டும். குமரிக் கரையின் தூத்தூர் பக்கத்தவர்கள் அந்த அறிவைத் தலைமுறைகளாகச் சேர்த்தார்கள். அதைச் சில வாரப் பயிற்சியில் கைமாற்றிவிட முடியாது. அதோடு பாக் விரிகுடாவில் ஆழ்கடலே கிடையாது. படகு மன்னார் வளைகுடாவுக்கு வந்து, மூக்கையூர் போன்ற துறைமுகத்திலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போக வேண்டும். குடும்பம் ஓரிடத்தில், தொழில் ஓரிடத்தில். மேலே 24 லட்சம் சொந்தப் பணமும் கடனும்.

இந்தத் திட்டத்தில் யார் பெயர் இல்லை என்று பாருங்கள். படகில் போகும் கூலித் தொழிலாளி. இழுவைப் படகு போய்விட்டால் அவருக்கு வேலை போகிறது. புதுப் படகில் இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு யாழ்ப்பாணச் சிறையிலோ வவுனியாச் சிறையிலோ கிடப்பவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்; படகு இவர்களுடையதும் அல்ல. சங்காயம் பிரித்து உலர்த்தும் பெண்களைப் பற்றியும் திட்டத்தில் வரி இல்லை. விரும்புகிற சிலருக்கு ஆழ்கடல் நல்ல வாசல். எல்லோரையும் தள்ளும் ஒரே வாசலாக அதை வைத்தது தவறு.

தடையும் விலையும்

இலங்கை நேர்வழியில் போனது. நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2017 ஜூலையில் நிறைவேறி, கடலடி இழுவை முற்றாகக் குற்றமாயிற்று. அடுத்த ஆண்டில் வெளிநாட்டுப் படகுக்கான தண்டமும் பலமடங்கு உயர்ந்தது. வடக்கு மீனவரின் குரலுக்கு அந்தச் சட்டம் கொடுத்த பலம் பெரியது. ஆனால் குருநகரிலும் பேசாலையிலும் இருந்த உள்ளூர் இழுவைப் படகுக்காரருக்கு மாற்று என்ன என்பதைச் சட்டம் பேசவில்லை. அதனால் சட்டம் வந்த பிறகும் அங்கே இழுவை முழுதாக நிற்கவில்லை.

இந்தோனேசியாவின் அனுபவம் இன்னும் பழையது. சிறுமீனவருக்கும் இழுவைக்காரருக்கும் இடையே கடலில் படகைக் கொளுத்துமளவுக்கு மோதல் முற்றியபோது, 1980-இல் அதிபர் சுகார்த்தோ ஆணை பிறப்பித்து ஜாவா, சுமத்திரா கடலில் இழுவையைத் தடைசெய்தார். கரையோர மீனவர் தலைநிமிர்ந்தார்கள். காலப்போக்கில் சந்திராங் என்ற வேறு பெயரில், தரையை வாரும் வேறொரு வலை வந்து அதே வேலையைச் செய்யத் தொடங்கியது. 2015-இல் அதையும் தடைசெய்ய வேண்டிவந்தது. வலையின் பெயரைத் தடைசெய்தால் பெயர் மாறும். தரையை இழுக்கும் செயலையே தடைசெய்து, அந்தப் படகைக் கடலைவிட்டே எடுத்தால்தான் நிற்கும். இங்கேயும் இரண்டு படகு சேர்ந்து ஒரே மடியை இழுக்கும் இரட்டைமடியைத் தடைசெய்து எத்தனையோ ஆண்டாகிறது. அது இன்றும் புகார்ப் பட்டியலில் இருக்கிறது.

ஹாங்காங் செய்ததுதான் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. 2012 டிசம்பர் 31 முதல் தன் கடலில் இழுவை கிடையாது என்று தேதி குறித்தது. அதற்கு முன்பே சுமார் 170 கோடி ஹாங்காங் டாலர் ஒதுக்கி, பாதிக்கப்பட்ட முதலாளிகளுக்கு ஈடு கொடுத்தது. விற்க முன்வந்தவர்களின் படகை விலைக்கு வாங்கியது. உள்ளூர்த் தொழிலாளிக்கும் ஒருமுறை உதவித்தொகை கொடுத்தது. அடுத்த சில ஆண்டுகளில் நண்டு, இறால் வகைகளும் அடித்தள மீன்களும் மீளத் தொடங்கியதை அங்குள்ள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பணக்கார நகரம், நூற்றுக்கணக்கில் மட்டும் படகு, ஒரே அரசு என்பதெல்லாம் உண்மைதான். நாம் கற்க வேண்டியது வரிசையை: தேதி, பணம், பிறகு தடை. இலங்கை தடையை முதலில் வைத்தது. இந்தியா பணத்தை வைத்துத் தேதியை வைக்காமல் விட்டது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஆழ்கடல் திட்டத்துக்கு மதிப்பிட்ட அதே 1,600 கோடியை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கு, ஒரு இழுவைப் படகை 30 லட்சத்துக்கு அரசு வாங்கி உடைக்கிறது என்று வைத்தால், 2,000 படகுக்கு 600 கோடி. மீதி 1,000 கோடி. படகுக்கு ஐந்து தொழிலாளர் என்றால் பத்தாயிரம் பேர். ஆளுக்குப் பத்து லட்சம். கண்ணாடியிழைப் படகும் எஞ்சினும் வலையும் இரண்டு பேர் கூட்டாக வாங்கிக்கொள்ளும் தொகை அது. விலை கூடலாம், குறையலாம். வங்கியின் பங்கையும் அரசே ஏற்க வேண்டிவரும். கரையில் வேலை செய்யும் பெண்களுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். கணக்கின் திசை மாறாது. புதுப்படகு கட்டப் போகும் பணம் பழைய படகை நிறுத்தப் போனால் அதிகப் படகு நிற்கும், அதிக ஆளுக்கு மிச்சம் கிடைக்கும்.

எல்லாரும் நாட்டுப்படகுக்கு வந்துவிட்டால் அங்கே நெரிசல் ஆகாதா என்பது நியாயமான கேள்வி. ஆகும். அதனால் பத்து லட்சத்தை வலைக்குத்தான் செலவிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது; பாசி வளர்ப்பு, கடை, மகளின் படிப்பு என்று அவரவர் விருப்பம். ஆனால் பத்து நாட்டுப்படகின் வலை சேர்ந்தாலும், ஓர் இழுவை மடி கிளறும் தரையைக் கிளறாது. கடலடிக்கு அந்த மாற்றம் லாபமே.

என் தேர்வு

உடனடியாக இடத்தை மூடுதல், அதோடு சேர்த்துப் படகு எண்ணிக்கையை உறையவைத்தல், தேதி குறித்து விலைக்கு வாங்குதல், கடைசியில் தடை. இந்த வரிசையில் எதைத் தூக்கி எதற்கு முன்னால் வைத்தாலும் ஏதோ ஒரு தரப்பு நடுத்தெருவில் நிற்கும்.

உறையவைத்தல் என்பதுதான் கனடாவிடம் கடன் வாங்கும் பாதி. புதிய இழுவைப் படகுக்குப் பதிவில்லை, பழையதைப் பெரிதாக்கிக் கட்ட அனுமதியில்லை, எஞ்சின் திறனை ஏற்ற அனுமதியில்லை. விலைக்கு வாங்கும் திட்டம் வருகிறது என்று காதில் விழுந்ததும் ஈட்டுத்தொகைக்காகவே படகு இறக்குகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அதனால் எண்ணிக்கையை உறையவைத்த பிறகே விலையை அறிவிக்க வேண்டும். வாங்கிய படகை ஏலம் விடாமல் உடைத்துப்போட வேண்டும். இல்லையென்றால் அது வேறொரு கரையில் மடியோடு மிதக்கும். சங்காயத்துக்கு வாங்குவோர் பக்கத்திலும் கைவைத்தாக வேண்டும்: மீன்தூள் ஆலைகள் குறைந்த அளவுக்குக் கீழான குஞ்சுமீன் வாங்கக்கூடாது என்று விதித்துச் சோதித்தால், வெறும் தரையை வாருவதற்கான காரணத்தில் ஒன்று குறையும். ஆயிரம் படகைக் கடலில் துரத்துவதைவிடச் சில ஆலை வாசலில் நிற்பது எளிது.

மூடும் இடங்களை அதிகாரிகள் மட்டும் தனியாக உட்கார்ந்து வரையக் கூடாது. எந்தப் பாரில் சங்கு, எந்தத் தாழையில் நண்டு என்பது சங்கு குளிப்பவருக்கும் நண்டுவலைக்காரருக்கும் தெரியும். மறுகரையில் அதே அறிவு பேசாலையிலும் நெடுந்தீவிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்த்தால், எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒன்றுக்கொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மூடிய பகுதிகள் கிடைக்கும். 2016-இல் இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட கூட்டுப் பணிக்குழு செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்.

இவை எல்லாவற்றையும் தொடங்க ஏற்ற காலம் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடைப்பட்ட நாள்கள். படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். மீன்துறை அப்போது வழக்கமாகவே படகுகளை ஆய்வு செய்கிறது. அதே ஆய்வில் பதிவு எண், எஞ்சின் எண், டிரான்ஸ்பாண்டர் மூன்றையும் ஒரே பட்டியலில் ஏற்றி, முதலாளியின் பெயருக்குக் கீழே அந்தப் படகில் போகும் தொழிலாளர் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பட்டியலை மீன்துறை அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். பெயர் விடுபட்டவர் வந்து கேட்க ஜூன் 14 வரை நேரம் இருக்கும்.